மஞ்சள் எழுத்தில் வந்த நாற்றம்

எனக்குக் கண்ணாடிக் குழாய் கழுவப் பிடிக்காது. அந்தச் சோம்பலுக்கு நான் வைத்த பெயர் டிஜிட்டல் கல்வி.

அண்ணாமலை நகரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, கடலூர்ப் பக்கம் கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய ஒரு பள்ளிக்கு வேதியியல் வாத்தியாராகப் போக ஆரம்பித்த புதிது. வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள். நான் ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். உப்புப் பகுப்பாய்வு முழுவதும் வீடியோதான். (வருடம் முழுக்க ஒரு டெஸ்ட் ட்யூப்கூட உடையவில்லை என்று தலைமையாசிரியர் பாராட்டினார்.)

பன்னிரண்டாம் வகுப்பில் செல்வி படு கெட்டி. அரசு நர்சிங் கல்லூரியில் சீட்டு வாங்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் நினைப்பு. பிராக்டிகல் தேர்வில் அவளுக்கு சல்ஃபைடு உப்பு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அமிலம் ஊற்றினால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும். மூக்கு இருந்தால் போதும், முழு மார்க்.

அவள் ஊற்றினாள், முகர்ந்தாள், சும்மா நின்றாள். ஜன்னலோரம் நின்ற எனக்கே குமட்டியது. தேர்வாளர் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று மூக்கைப் பிடித்துக் காட்டினேன். புரியவில்லை. முகத்தைச் சுளித்து, கையை விசிறி, கிட்டத்தட்ட நாட்டியமே ஆடினேன். சாருக்கு ஜலதோஷம் போல என்று செல்வி பரிதாபமாகப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தேர்வாளர் திரும்பினார்.

"என்ன சார், நீங்களும் எக்ஸாம் எழுதுறீங்களா?"

பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அதற்குள் செல்வி எழுதி முடித்திருந்தாள்: நிறமற்ற, மணமற்ற வாயு. கார்பனேட்.

வெளியே வந்ததும் கத்தினேன். "முட்டை நாத்தம் தெரியலையாம்மா?"

"வீடியோல மஞ்சக் கலர்ல எழுதி வரும் சார். இங்க அப்டி எதுவும் வரல. எங்க வூட்டு வாசல்ல தெனம் அடிக்கிற கம்பெனிக் காத்துதான் வந்துச்சு. அதப் போயி எப்டி சார் நாத்தம்னு எழுதுறது?"

ஒரே ஒரு நாள் ஆய்வகத்தைத் திறந்து, குழாயை அவள் மூக்கருகே நீட்டி, இதுதான் என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

சொற்ப மார்க் வித்தியாசத்தில் நர்சிங் சீட்டு போனது. செல்வி இப்போது அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் பேக்கிங் வேலை பார்க்கிறாள்.

எங்கள் வீட்டில் பால் தீய்ந்தால் போதும், "கார்பனேட்டா பாருங்க" என்பாள் மனைவி. மகள் உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு என் நாட்டியத்தை ஆடிக் காட்டுவாள். வந்திருக்கும் மச்சான் வரைக்கும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நாட்டியம், கார்பனேட் வரைக்கும்தான் கதையை வீட்டில் சொல்லியிருக்கிறேன். செல்விக்கு சீட்டு போனதை இதுவரை சொல்லவில்லை.