லிங்க்குக்கும் ஜாதகம் பார்த்த புரோக்கர் சேர்

ஒரு லிங்க்கை அழித்தால் அதற்குள் இருக்கும் பாடமும் உலகத்தை விட்டே போய்விடும் என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பியவன் நான். தொழிலால் விஞ்ஞான ஆசிரியர் என்பதையும் வெட்கத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த நம்பிக்கை எப்படிப் போனது என்று சொல்வதானால் புரோக்கர் சேரிடமிருந்து தொடங்க வேண்டும். மாத்தளை மாவட்டத்தில், ஏன், இந்தத் தீவிலேயே லிங்க்குகளுக்கு ஜாதகம் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் என்னோடு இருந்த கணித ஆசிரியர். பாடத்துக்கு உதவும் லிங்க்குகளை ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ள வட்ஸ்அப் குரூப் ஒன்றைத் தொடங்கினார். தொடங்கியதோடு விட்டாரா? வருகிற ஒவ்வொரு லிங்க்கையும் மாப்பிள்ளை விசாரிப்பது போல விசாரிப்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருநாள் தமிழ் டீச்சர் ஒரு லிங்க் அனுப்பினார். அடுத்த பாடவேளைக்குள் ஸ்டாஃப் ரூம் வாசலில் இவர்.

"டீச்சர், இத முழுசா பாத்தீங்களா?"

"பாதி பாத்தேன் சேர். நல்லாத்தான் இருந்திச்சு."

"மாப்பிள்ளைய பாதி பாத்துட்டு பொண்ணக் குடுப்பீங்களா?"

எங்கள் பாடசாலையில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தாங்கியடி. பாடசாலை விட்டதும் அங்கே நின்றபடியே கடைசி வரை பார்த்து, குரூப்பில் தீர்ப்பெழுதினார்: "தரம் ஏழு பிள்ளைங்களுக்கு. பதினொரு நிமிஷம். குரல் தெளிவு. எட்டாவது நிமிஷத்துல தலைமுடி எண்ணெய் விளம்பரம். அதுக்கு முன்ன நிப்பாட்டவும்."

ஒரே பாடத்துக்கு இரண்டு லிங்க் வந்தால், "ஒரு பொண்ணுக்கு எத்தன மாப்பிள்ளங்க?" என்று ஒன்றைத் திருப்பிவிடுவார். தினமும் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூப் படம் போடுவது மட்டுமே என் பங்களிப்பு. "சேர், பூ அலங்காரமெல்லாம் கல்யாணத்தன்னைக்குப் பாத்துக்கலாம். இப்ப பையனக் காட்டுங்க!" என்பார்.

இப்படி இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு லிங்க்குகள் தேறின. விஷயம் மேலே போய், ஆசிரிய ஆலோசகர் ஒருவர் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் மற்றத் தோட்டப் பாடசாலைகளுக்கும் அந்தப் பட்டியல் போகும்.

அன்று காலை பஸ்ஸில் என் போன், இடமில்லை என்றது. குரூப்பில் இருப்பதையெல்லாம் அழிக்கவா என்று கேட்டது. ஜன்னலோரச் சீட் கிடைத்த சந்தோஷத்தில் ஆம் என்று அழுத்திவிட்டேன்.

குரூப் வெறிச்சென்று கிடந்தது. எல்லோருடைய போனிலும் போயிருக்கும். இந்நேரம் அமெரிக்காவிலும் யாரோ பின்னப் பாடத்தைக் காணாமல் அலைவார்கள். அப்படியே இறங்கி, கலேவெலக்குப் பஸ் ஏறி, அங்கே தோட்டம் செய்யும் மச்சானோடு கத்தரிக்காய் பயிரிட்டே காலத்தை ஓட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வாசலில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, பெண் வீட்டுக்காரர் மாதிரி நின்றிருந்தார் புரோக்கர் சேர். காலில் விழாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

"அவ்வளவும் போச்சா சேர்?"

"அவ்வளவும் போச்சு. அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

தன் போனை எடுத்துப் பார்த்தார். மூக்கைச் சொறிந்தார். "சரி, இன்டர்வலுக்குத் தண்ணித் தாங்கிகிட்ட வாங்க."

இடைவேளை முழுக்க, ஒரு கையில் வடையோடு, ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பினார். விஞ்ஞானத்துக்கு உரியவற்றை அங்கேயே திறந்து பார்க்கவும் வைத்தார். நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் மல்லுக்கட்டிய மின்சுற்றை, யாரோ ஒரு பெண் இரண்டு பட்டரியும் ஒரு பல்பும் வைத்து நாலே நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

ஆலோசகர் வந்தார். தமிழ் டீச்சர் தன் போனிலேயே நாற்பத்தொன்றையும் காட்டினார்.

"டீச்சர், உங்க போன்ல எப்படி இருக்கு?" என்றேன்.

"சேர், நீங்க அழிச்சது உங்க போன்ல மட்டுந்தான்!"

ஸ்டாஃப் ரூமே சிரித்தது, ஆலோசகர் உட்பட. நான் புரோக்கர் சேரைப் பிடித்தேன்.

"காலையிலேயே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா திறந்திருப்பீங்களா? ரெண்டு வருஷமா குரூப்புல இருக்கீங்க, ஒண்ணையாவது பாத்தீங்களா?"

பட்டியல் மற்றப் பாடசாலைகளுக்கும் போயிற்று. புரோக்கர் சேர் ஓய்வு பெற்றும் போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். லிங்க்குகள் எங்கும் போகவில்லை. என் போனை நிறைத்திருந்தவை என்னுடைய ரோஜாப்பூக்கள்தான். ஒன்றும் தொலையவில்லை என்று தெரிந்தும், தன் பெரிய நாளில், கையிலிருந்த வடையைக் கடிக்காமலேயே புரோக்கர் சேர் எனக்காக நாற்பத்தொரு தடவை அனுப்பினார்.