படகுக்காரருக்கு எட்டுச் செலவு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்கு எழுத்து வளைந்து வளைந்துதான் வரும். பெயர்கள் மறந்துபோகும். அந்த வெள்ளைக்காரரின் பெயரே மறந்துவிட்டது என்றால் பாருங்கள், அவருக்கு எட்டுச் செலவு செய்தவளே நான்தான்.

உண்மைதான். மகனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த வீட்டில், டிவி நாடகத்தில் செத்த ஒருவருக்கு எட்டாம் நாள் படையல் போட்டவள் நான். சம்பந்தி இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்கிறார். சொல்லச் சொல்ல அதில் டின்மீன் கூடிக்கொண்டே போகிறது. கடைசியாகக் கேட்டபோது மூன்று டின் ஆகியிருந்தது. உள்ளது ஒன்றுதான். அதனால்தான் வெட்கத்தை விட்டு நானே எழுத உட்கார்ந்தேன்.

பிணங்கள் எழும்பி நடக்கிற பெரிய நாடகம் ஒன்று வருடக்கணக்காக ஓடியதாம். அதை நான் பார்க்கவில்லை. அது முடிந்த பிறகு அதிலிருந்து பிரித்து ஒரு சின்ன நாடகம் எடுத்தார்கள் (பெரிய கடையை மூடியதும் தம்பிக்காரன் அதே பெயரில் சந்தியில் கடை போடுவது போல). அதில்தான் நான் விழுந்தேன். காரணம், அதில் கடல் இருந்தது. கதாநாயகர் தாடிவைத்த ஒரு படகுக்காரர். கரையெல்லாம் பிணங்கள் அலைய, அவர் உயிரோடு மிஞ்சியவர்களைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோய் விடுவார். திரும்பி வந்து அடுத்த ஆட்களை ஏற்றுவார். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். (வெள்ளைக்காரர் வாயைத் திறந்தால் சென்னைத் தமிழ் வரும். முதலில் ஒருமாதிரி இருந்தது, பிறகு அவர்தான் அப்படிப் பேசுகிறார் என்றே நம்பிவிட்டேன்.)

என் இளைய மகன் குமார் கடலுக்குப் போகிறவன். அவன்தான் அதை டிவியில் போட்டுப் பழக்கிவிட்டான். அடுத்த வேலியில் இருக்கிற செல்லமணி மச்சாளும் மத்தியானச் சமையல் முடிந்ததும் வந்துவிடுவா. நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிற ஆள். மச்சாள் அப்படியில்லை, டிவியோடு சண்டை பிடிப்பா.

"நங்கூரத்தை இப்படியாடா போடுற? காத்து அந்தப் பக்கம் இருக்கு. பிணம் கடிக்காட்டியும் நீ தண்ணிக்குள்ள தாண்டுதான் சாவாய்."

கடைசிப் பகுதியில் அவரைக் கடித்துவிட்டது. கடிபட்ட கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மனைவி பிள்ளை எல்லாரையும் ஏற்றினார். படகைத் தள்ளிவிட்டார். தான் ஏறவில்லை. மணலில் விழுந்தார். படகு தூரப் போனதும் எழும்பி நின்றார், ஆனால் அது அவரில்லை. மனைவி படகிலிருந்து பார்க்கிறா. அவர் ஒரு கையைத் தூக்கினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

நான் அழுதுவிட்டேன். "கடைசியாக் கை காட்டினார், பாவம்" என்றேன்.

"கை காட்டவுமில்ல கால் காட்டவுமில்ல. அது கடிக்கத் தூக்கின கை" என்றா மச்சாள்.

"பொண்டாட்டியையா கடிப்பார்?"

"உயிரோட இருக்கிற புருசன்மாரே கடிக்கிறாங்கள். இவர் பிணம்."

அன்றைக்கு அவ தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனா. நானும் மறிக்கவில்லை. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஊர் உடப்பில் கடலுக்குப் போய் வராமல் போனவர்கள் உண்டு. என்னுடைய பெரியண்ணனும் அப்படித்தான். உடல் கிடைக்காவிட்டாலும் படத்தை வைத்து, விளக்கேற்றி, எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். இல்லாவிட்டால் அந்த ஆத்துமா பசியோடு அலையும் என்பார்கள். இந்த மனிதரோ உண்மையாகவே பசியோடு அலைந்துகொண்டிருக்கிறார். மனைவி தீவில். அவருக்கு யார் இருக்கிறார்கள்?

(இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.)

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாளைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னேன். சிரிப்பா என்று பார்த்தால், நாடியில் கையை வைத்து யோசித்தா. "செய்யத்தான் வேணும். ஆனா கை விசயத்தில நான் சொன்னது சொன்னதுதான்" என்றா.

படத்தை மச்சாளின் மகள் போனிலிருந்து எடுத்து, சிலாபத்தில் கடையில் கொடுத்துப் பெரிதாக்கிக்கொண்டு வந்தாள். நல்ல படம், படகில் சாய்ந்து நிற்கிறார். ஆனால் சட்டகம் இல்லை. வீட்டில் இருந்தது ஒரேயொரு சட்டகம். அதற்குள் இருந்தவர் என் வீட்டுக்காரர். அவர் போய்ப் பல வருடம். உயிரோடு இருந்தபோதும் விருந்தாளி வந்தால் தன் பாயைக் கொடுத்துவிட்டு மணலில் படுக்கிற மனுசன். ஒரு நாளைக்குத்தானே என்று, கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் இவரைச் செருகினேன். சட்டகத்துக்கு ஏற்கெனவே மாலையும் பொட்டும் இருந்ததால் அந்த வேலையும் மிச்சம்.

அடுத்தது படையல். அவருக்குப் பிடித்தது என்ன? நாடகம் முழுக்க அவர் டின்னைத் திறந்துதான் சாப்பிட்டார். ஆகவே ஒரு டின்மீன் வாங்கினேன்.

"கடலுக்குப் பக்கத்துல இருந்துகொண்டு டின்மீன் வாங்கின ஒரே பொம்பிளை நீதான்" என்றா மச்சாள். "கடைக்காரன் என்ன நினைச்சிருப்பான்? குமார் தொழிலுக்குப் போறதில்ல எண்டு ஊரெல்லாம் சொல்லப்போறான்."

எட்டாம் நாள் மத்தியானம் சோறு, பருப்பு, வடை, ஒரு செம்பில் தண்ணீர், இலையின் நடுவில் டின்னோடு மீன். விளக்கேற்றி, சாம்பிராணி போட்டோம். புகை வீட்டை நிறைத்தது. நான் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் முச்சக்கரவண்டிச் சத்தம் கேட்டது.

பெண் வீட்டார்.

குமாருக்கு முன்னேஸ்வரத்தில் பெண் பார்த்திருந்தோம். தர்சினி என்று பெயர். இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போய், குமார் சோறு தின்னும்போதுகூடத் தனியே சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. தகப்பன் கோயிலுக்குப் பக்கத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறவர், நாள் நட்சத்திரம் சகுனம் எல்லாம் பார்க்கிற ஆள். அவர்கள் வீடு பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை என்றுதான் பேச்சு. எங்கள் ஊரில் யாரோ சொந்தக்காரரின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர்கள், வந்ததோடு இங்கேயும் எட்டிப் பார்ப்போம் என்று வந்துவிட்டார்கள். நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் வாசலில் காலை வைத்ததும் கண்டது செத்தவீட்டுப் படையல்.

சாதாரண நாளிலேயே ஆட்கள் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள். "வாங்க" என்றது எனக்கே கேட்கவில்லை.

பெண்ணின் தகப்பன் செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்று, விளக்கைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், டின்னைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"ஆரும் தவறிட்டாங்களா? எங்களுக்கு ஒண்டும் சொல்லல்லியே."

நான் மச்சாளைப் பார்த்தேன். வேலியோடு சண்டை, டிவியோடு சண்டை, காகத்தோடு சண்டை என்று வாய் மூடாத அந்த மனுசி, அன்றைக்குப் பார்த்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா.

"மாப்பிள்ளையின்ட தகப்பன் படம் இதில இருக்கும் எண்டு தரகர் சொன்னவர்" என்றார். "இது ஆரோ வெள்ளைக்காரர். தகப்பன் எங்க?"

"பின்னால இருக்கிறார்" என்றேன்.

அவர் பின்வளவு பக்கம் எட்டிப் பார்த்தார்.

இதற்குள் அவருடைய மனைவி உள்ளே வந்துவிட்டா. ஒடிசலான, அமைதியான மனுசி. புகைக்குள் கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தா. அப்படியே இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா.

"இவர் போயிட்டாரா" என்றா. "ஐயோ, என்ட ராசா. நான் சனிக்கிழமை பார்க்கலாம் எண்டெல்லோ இருந்தன்."

பிறகு ஒரே அழுகை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவவும் அந்த நாடகம்தான் பார்க்கிறா. கடைசிப் பகுதியை மட்டும் ஆறுதலாகப் பார்க்க ஒதுக்கி வைத்திருக்கிறா. நான் அதற்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்? கூடவந்த மனைவி, முன்பின் தெரியாத வீட்டில், முன்பின் தெரியாத ஆம்பிளையின் படத்தைக் கண்டு தலையிலடித்து அழுகிறா. அவர் முகம் கடையில் விற்கிற குங்குமம்போல் ஆகிவிட்டது.

"உனக்கு இவரை எப்பிடித் தெரியும்?"

"நீங்க கடைக்குப் போனாப் பிறகு, மத்தியானத்தில" என்று விக்கினா அவ.

இந்த இடத்தில் மச்சாளுக்கு வாய் திரும்பி வந்தது. வராமலே இருந்திருக்கலாம். "ஓம் ஐயா, மத்தியானத்திலதான். எங்கட வீட்டுக்கும் அந்த நேரம்தான் வாறவர்."

நான் அடுப்படிக்கு, குசினிக்குள் போய்விட்டேன். (ஓடினேன் என்று மருமகள் சொல்கிறாள். அவள் அப்போது அங்கே இல்லை.) போகும்போது நினைத்தது ஒன்றுதான்: பிள்ளையின் கலியாணத்தை டின்மீனோடு சேர்த்துத் திறந்துவிட்டேன். இனி அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கம் அவன் எந்த முகத்தோடு போவான்?

மச்சாள் போன் எடுத்திருக்கிறா. கடற்கரை வாடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த குமார் மீன் வாடையோடு ஓடி வந்தான். விசயத்தைக் கேட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு டிவியைப் போட்டு, கடைசிப் பகுதியை வைத்து, மாமனாராகப்போகிறவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்க மாமா. இதைப் பாருங்க. பிறகு ஏசுங்க."

நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். வேண்டாம் என்று கையால் மறித்தார். கலியாணப் பேச்சுக்கு வந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கை அவிழ்ந்தது. கதிரை முன்னால் நகர்ந்தது. இடையில் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"இவன் செத்தது எப்ப? கடிச்ச நேரமா, விழுந்த நேரமா? இல்ல, எழும்பினதிலிருந்தா? எட்டுக் கணக்கு வைக்கிற எண்டா நேரம் தெரிய வேணுமே."

இதை நானும் இரண்டு நாளாய் யோசித்திருந்ததால் எனக்கு வாய் தானாகத் திறந்தது. "விழுந்த நேரத்திலிருந்துதான் வச்சன். எழும்பினதுக்கும் அவருக்கும் சம்பந்தமில்ல."

அவர் திரும்பி, அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அது சரியான கணக்கு" என்றார்.

கடைசியில் படகுக்காரர் கையைத் தூக்கினார். படம் முடிந்தது. சம்பந்தியம்மா மூக்கைச் சிந்தினா.

"கை காட்டிறான்" என்றார் சம்பந்தி.

"கடிக்க" என்றா மச்சாள்.

"பிள்ளைகுட்டி போற படகு அது. கை காட்டிறான்." கதிரையிலிருந்து எழும்பி, படையலுக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "இலை திசை சரி. விளக்கும் சரி. எள்ளுருண்டை இல்ல, அது ஒரு குறை." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நாதியில்லாத பிணத்துக்கு இவ்வளவு பார்க்கிற வீட்டில எங்கட பிள்ளை பட்டினி கிடக்காது."

மேசையிலிருந்த கோப்பையை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. வேறு ஊற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அதையே குடித்தார்.

ஆனாலும் வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே போனாராம். நாடகத்துச் சாவுக்குத் துடக்கு உண்டா என்று மகள் கேட்டதற்கு, "தெரியாது, இருந்தாலும்" என்றாராம்.

கலியாணம் நடந்தது. மருமகள் முதல்நாள் வீட்டுக்கு வந்து மாமனார் படத்தைக் கும்பிட்டாள். என் வீட்டுக்காரரை முன்னுக்கு எடுத்து, வெள்ளைக்காரரைப் பின்னால் வைத்திருந்தேன் (தூக்கி எறிய மனம் வரவில்லை). அவளுக்கு அது தெரியும். நல்லபிள்ளைபோல் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ரெண்டு மாமாவும் ஆசீர்வாதம் பண்ணுங்க."

அன்றையிலிருந்து வெள்ளைக்காரர் சின்ன மாமா ஆகிவிட்டார். எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த நாடகம் முடிந்தாலும், பார்க்காதவர் பார்த்தவரிடம் கேட்பது ஒரே கேள்வி: "மாலை விழுந்துதா?" சம்பந்தியம்மா மட்டும் கேட்கமாட்டா. இங்கே வரும்போது முதலில் சம்பந்தியைத்தான் உள்ளே அனுப்பி, சுவரைப் பார்த்து வரச் சொல்வா.

இதில் நான் ஏதும் பிழையாக எழுதியிருந்தால், நாடகம் பார்த்தவர்கள் திருத்திவிடுங்கள். முக்கியமாக அந்தக் கடைசி இடத்தை ஒருமுறை போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், அந்தக் கை காட்டியதா, கடிக்கத் தூக்கியதா என்று. எனக்கு இப்போது கண் அவ்வளவு தெளிவில்லை. கடிக்கத்தான் என்று தெரிந்தால் மச்சாளுக்குச் சொல்லவேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்கள்.