மை படாத விரல்

மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எத்தனையோ வழிகள் இருக்கின்றன. அவர்களிடமே போய்க் கேட்பது அதில் சேர்த்தியில்லை. இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவன் அடியேன். கண்டுபிடித்த விதம்தான் வெளியில் சொல்லும்படியாக இல்லை. (இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் இதை என்னைவிட நன்றாகச் சொல்ல இருபது பேர் இருக்கிறார்கள். அவர்களை முந்திக்கொள்வதுதான் எனக்கு மிச்சமிருக்கும் மரியாதை.)

தேர்தல் வந்துவிட்டால் தொலைக்காட்சியில் கோட்டு மாட்டிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தக் கட்சிக்கு இவ்வளவு, அந்தக் கட்சிக்கு அவ்வளவு, கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம் என்கிறார்கள். கூடலாம் குறையலாம் என்பது மட்டும்தான் அதில் உண்மை. ஓட்டு எண்ணி, கணிப்பு கவிழ்ந்ததும், அதே கோட்டோடு வந்து, மக்கள் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டார்கள் என்பார்கள். பழி மக்கள் மேல். இவர்கள் மாறவே இல்லையாம். இதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரிப்பேன். உடனே அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும்: "நீங்க சிரிக்காதீங்க."

இருபத்தைந்து வருடம் இருக்கும். எனக்கு முப்பத்து மூன்று வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீடு. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார். கல்லூரிப் பேருந்தில் தூங்கி வந்த பிள்ளைகள் வகுப்பில் அந்தத் தூக்கத்தைத் தொடர்வார்கள். நான் கரும்பலகையிடம் பாடம் நடத்திவிட்டு வருவேன். என் அறிவு இப்படி வீணாகிறதே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அது வீணாகவே போயிருக்கலாம்.

அக்காவும் அத்தானும் ராஜபாளையத்தில், நாங்கள் பிறந்து வளர்ந்த தெருவிலேயே இருந்தார்கள். என் ஓட்டும் அங்கேதான் இருந்தது. அத்தான் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர். எல்லையையே காத்தவருக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வராதது பெரிய அவமானமாகப் பட்டது. நகராட்சித் தேர்தல் வந்ததும் யாரிடமும் கேட்காமல் வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டார்.

தெருப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். பெரிய கட்சிகளோடு மல்லுக்கட்ட முடியாது, கௌரவமாக வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள், தெருக் கமிட்டித் தலைவராகப் போட்டுவிடுகிறோம் என்றார்கள். அத்தான் இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தோக்கிறதுக்கு நான் பயப்படல மாப்ள. அசிங்கப்படக் கூடாது. நூறு ஓட்டாவது தேறும்னா நிக்கேன். தேறாதுன்னா கௌரவமா வாபஸ் வாங்கிருதேன். சண்டைக்கு முந்தி ஆளனுப்பிப் பாக்கணும்லா. நீதான் படிச்சவன், பாத்துச் சொல்லு."

ஒரு மனிதனுடைய மானத்தை அப்படியே தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு அது தெரியவில்லை. புள்ளியியலுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்றுதான் தெரிந்தது.

டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு "இந்த வார்டுல அவன்தான்" என்று தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் மனிதர்களாகவே மதித்ததில்லை. என் வழி விஞ்ஞான வழி. வார்டில் ஏழு வீட்டுக்கு ஒரு வீடு, மொத்தம் அறுபது வீடு. சொந்தக்காரர்கள் வீட்டை விட்டுவிட வேண்டும் (பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா). கேள்வித்தாளைத் தட்டச்சு செய்து நகல் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா மறித்தாள்.

"ஏலே, தெருத்தெருவாச் சுத்தத்தான போற? பிள்ளைக்குக் காதுகுத்து வருதுல்ல, இந்தப் பத்திரிகையையும் அப்படியே குடுத்துட்டு வந்துரு."

ஒரே நடையில் இரண்டு வேலை. எனக்கும் சரியென்று பட்டது. ஒரு கையில் வெற்றிலை பாக்கு, குங்குமம், மஞ்சள் தடவிய பத்திரிகைகள் வைத்த தட்டு. இன்னொரு கையில் விஞ்ஞானம்.

முதல் வீடு. தட்டை நீட்டி, அக்கா மகளுக்குக் காதுகுத்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்றேன். கண்டிப்பாக வாரோம் என்றார்கள். தட்டை இறக்காமலே, அத்தான் எலெக்‌ஷனில் நின்றால் போடுவீர்களா என்றேன். கண்டிப்பாகப் போடுவோம் என்றார்கள். குறித்துக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் கண்டிப்பாக. அதற்கடுத்த வீட்டில் கண்டிப்பாக என்றதோடு ஒரு காப்பியும் கொடுத்தார்கள். எதிர்பார்த்ததைவிட ஆதரவு பலமாக இருக்கிறது என்று காப்பியையும் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டேன்.

குங்குமத் தட்டோடு வாசலில் நிற்கிறவனிடம், வேட்பாளரின் சொந்த மச்சினனிடம், முகத்துக்கு நேரே "போட மாட்டேன்" என்று சொல்லும் நாகரிகமற்ற ஜனம் எங்கள் ஊரில் கிடையாது. இது அங்கே தவழும் குழந்தைக்கும் தெரியும். முதல் வகுப்பில் தேறிய எம்.எஸ்சி.க்குத் தெரியவில்லை.

ஏழுக்கு ஒரு வீடு என்ற கணக்கும் சீக்கிரமே ஆட்டம் கண்டது. காரணம், நாய். ராஜபாளையத்து நாயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாவது வீட்டில் நாய் இருந்தால் எட்டாவது வீடு. அங்கேயும் இருந்தால் ஒன்பதாவது. அந்த மூன்று நாளில் என்னைப் பற்றி மனதில் பட்டதை ஒளிக்காமல் சொன்னவை அந்த நாய்கள் மட்டும்தான். அவற்றின் கருத்தை நான் பதிவு செய்யவில்லை.

இல்லை, இன்னொரு ஆள் உண்டு. மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த ராமலட்சுமி அக்கா. பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கேள்வியைக் கேட்டதும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காதுகுத்துக்கு வாரேன். ஓட்டுப் போட மாட்டேன். போ."

அறுபதில் ஐம்பத்தொன்பது ஆமாம், ஒரு இல்லை. அந்த ஒன்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'விதிவிலக்கு. புறக்கணிக்கலாம்' என்று எழுதினேன். மீதியை வார்டு முழுமைக்கும் பெருக்கினேன். அத்தான் நூறு ஓட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். நான் ஆயிரத்து இருநூறை வரைபடத் தாளில் கலர் பென்சிலால் வரைந்து அவர் கையில் கொடுத்தேன். மனிதர் அதை அட்டென்ஷனில் நின்று வாங்கினார்.

அக்காவுக்குத்தான் நெருடியது. "அம்புட்டு பேருமா? போன விசேசத்துக்கு எம்புட்டு பேரு வாரேன்னு சொன்னாக, எம்புட்டு பேரு வந்தாக?"

"விருந்து வேற, ஜனநாயகம் வேற" என்றேன்.

வாபஸ் நாள் கடந்தது. அத்தான் களத்தில் நின்றார். கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். எங்கள் தெருவில் குழாய் என்றால் திறந்தால் காற்று வருவது. அதிலும் நான் ஒரு அபசகுனத்தைப் பார்க்கவில்லை.

காதுகுத்தன்று பந்தியில் பாதி இலைக்கு ஆளில்லை. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் ராமலட்சுமி அக்கா. சோறு மட்டும் மிஞ்சவில்லை. 'வாரேன்' என்றவர்களில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சமையல்காரர் தாமாகவே அரிசியைக் குறைத்துப் போட்டிருந்தார். எட்டாவது தாண்டாத மனிதர். காலி இலைகளை வைத்த கண் வாங்காமல் பார்த்த நான், முகூர்த்த நாள், நாலு இடத்தில் விசேஷம் என்று அத்தானுக்கு விளக்கம் சொன்னேன். கோட்டு ஒன்றுதான் குறை.

இதற்குள் என் கணிப்பு தெருவில் இறங்கிவிட்டது. டீக்கடையில் இரண்டு பேரிடம்தான் சொன்னேன் (நான் மதிக்காத அதே டீக்கடைதான்). சாயங்காலம் அது என்னிடமே திரும்பி வந்தது: "தெரியுமா, ஒங்க அத்தான் ஜெயிச்சாச்சாம்லா." அடடே, வெளியிலும் இப்படித்தான் பேச்சு என்று நான் அதையும் தனி ஆதாரமாகக் குறித்துக்கொண்டேன். பொதுமக்கள் கருத்து என்பது இப்படித்தான் உருவாகிறது. நாம் விட்ட புகை நமக்கே மேகமாகத் தெரியும்.

ஓட்டுப்பதிவு நாளன்று காலையிலிருந்தே வாக்குச்சாவடிக்கு வெளியே, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். வெளியே வருகிறவர்களிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று விசாரித்தேன். எல்லோரும் சிரித்தபடி ஒங்க அத்தானுக்குத்தான் என்றார்கள். போலீஸ்காரர் இரண்டு தடவை விரட்டினார். மூன்றாவது தடவை பரிதாபப்பட்டு விட்டுவிட்டார். கேட்டைச் சாத்தும் வரை நான் இடத்தை விட்டு அசையவில்லை.

எண்ணினார்கள். அத்தானுக்குப் பத்தொன்பது ஓட்டு.

அந்த வார்டில் எங்கள் சொந்தத்தில் மட்டும் இருபத்தாறு ஓட்டு. இந்தக் கணக்குக்குப் புள்ளியியல் தேவையில்லை.

அன்று சாயங்காலம் சொந்தமெல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல வந்து கூடியது. நான் போட்டேன், நாங்கள் போட்டோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அத்தான் வாசல் சுவரில் ஒட்டியிருந்த தன் படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சுரண்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. எடது கைய நீட்டுங்க."

ஓட்டுச் சாவடியில் வைத்த மை லேசில் போகாது. அத்தான் ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வயதில் மூத்தவர்கள்கூடச் சத்தமில்லாமல் நீட்டினார்கள். சித்தப்பா மகன் விரல் சுத்தமாக இருந்தது.

"ஜெயிச்சாச்சுன்னு இவன்தான சொன்னான். பொறவு எதுக்கு வெயில்ல நிக்கணும்னு..." என்று அவன் என்னைக் காட்டினான்.

இன்னொரு சுத்தமான விரல், அதே காரணம். அதற்கப்புறம் அக்கா. வெற்றிக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாளாம். "ஆயிரத்து எரநூறுல என் ஒரு ஓட்டு என்ன ஆகப்போவுதுன்னு இருந்துட்டேன்" என்றாள். இப்படி ஏழு பேர். கடைசியில் நான். என் விரலும் வெள்ளை. மற்றவர்கள் ஓட்டை எண்ணும் மும்முரத்தில் என் ஓட்டைப் போட மறந்திருந்தேன்.

அத்தான் திட்டவில்லை. என் இடது கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு வலது கையையும் வாங்கிப் பார்த்தார்.

"மாத்தி வச்சிருப்பாகளோன்னு பாத்தேன்" என்றார்.

எட்டு விரல் சுத்தம். பதினெட்டில் மை. அப்படியானால் பத்தொன்பதாவது ஓட்டு யாருடையது? மறுநாள் காலை ராமலட்சுமி அக்கா தெருக் குழாயடியில் அத்தானைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாராம்: "நாந்தான் போட்டேன். அன்னைக்கு ஒங்க மச்சினன் தட்ட நீட்டிக்கிட்டுக் கேட்டதுலதான் எரிச்சல்ல மாட்டேன்னுட்டேன்."

ஆக, போடுவேன் என்ற ஐம்பத்தொன்பது வீட்டிலிருந்தும் ஒரு ஓட்டுகூட வரவில்லை. போட மாட்டேன் என்ற ஒருவர் போட்டிருக்கிறார். அறுபதுக்கு அறுபது தப்பு. இத்தனை துல்லியமான கணிப்பை அந்தக் கோட்டுக்காரர்கள்கூட இன்றுவரை தந்ததில்லை.

அத்தான் அதன்பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. தெருக் கமிட்டித் தலைவர் பதவியும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் விசேஷப் பந்தியில் நான் இலையில் கை வைப்பதற்கு முன் யாராவது ஒருவர் "வெரலக் காட்டு" என்பார்கள்; காட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அக்காவின் பேரன், அன்று காது குத்தியவளின் மகன், பேசப் பழகியதும் அதைத்தான் முதலில் சொன்னான்.

போன தேர்தலில் விடிந்ததும் விடியாததுமாகப் போய் முதல் ஆளாக ஓட்டுப் போட்டேன். மை வைத்த விரலைப் படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது.

"வெரல் சரி. மூஞ்சியையும் சேத்து அனுப்பு."