காலிக் குப்பியைக் கையும் களவுமாகப் பிடித்த விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்கள் மாமியார் கோபமாகச் சௌக்கியம்.

போனில் சொன்னால் இதன் அருமை தெரியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆய்வகத்துக்கு விடுமுறை என்று நம் வீட்டு விலாசத்துக்கு வரவழைத்தீர்களே அந்த எலிப் புரதம், அது கெட்டால் ஆறு மாத உழைப்பும் வீண் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு மாநாட்டுக்குப் போனீர்களே, அது வந்தது. எலியைக் கொன்று எடுத்ததல்ல, எலியின் மரபணுவைக் கிருமிக்குள் வைத்துக் கிருமியையே செய்ய வைத்தது என்று நீங்கள் விளக்கியதை உங்கள் மாமியாரிடம் அப்படியே ஒப்பித்தேன். "எலி போதாதுன்னு கிருமி வேறயா? என் ஃப்ரீசர்ல ரெண்டுக்கும் இடமில்ல" என்றாள். பட்டாணியைக் கீழ்த்தட்டுக்கு நாடு கடத்தி இடம் பிடித்தேன்.

கிடங்கு மேற்பார்வையாளனாக இருந்த காலம் முழுக்க, பிரித்துப் பார்க்காமல் ஒரு சரக்குக்கும் கையெழுத்துப் போட்டவனல்ல நான். கூரியர்காரரை வாசலிலேயே நிறுத்திப் பெட்டியைப் பிரித்தேன். ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய தெர்மகோல் பெட்டி. குபுகுபுவென்று ஐஸ் புகை. அடியில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு குப்பி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். சுத்தமாகக் காலி! கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பெண், "காலி மாதிரிதான் சார் தெரியும்" என்று கூசாமல் சொல்கிறாள். விடுவேனா? "காலி டப்பாவுக்கா இவ்வளவு ஐஸ்?" என்று நான் போட்ட சத்தத்தில் மேலாளரே லைனுக்கு வந்துவிட்டார். நான் அவரைப் பேசவே விடவில்லை. கடைசியில், "சரி சார், நீங்க ஜெயிச்சீங்க. இன்னொண்ணு அனுப்புறோம்" என்று கும்பிடு போட்டார்.

கழித்த சரக்கை வேறு யாரும் விற்றுவிடாதபடி பாழாக்கிவிட வேண்டும், அது கிடங்குச் சட்டம். அந்தக் குப்பியைக் கொதிநீரில் அலசிக் கவிழ்த்தேன். இன்று இரண்டாவது பெட்டி வந்தது. அதுவும் காலி! வசமாக மாட்டிக்கொண்டார்கள், மாப்பிள்ளை. இவ்வளவு படித்த உங்களை இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிகிறது. இதையும் அலசிவிட்டு மறுபடி போன் போடப் போகிறேன். நான் இருக்கும்வரை உங்கள் ஆராய்ச்சியில் ஒருவன் கை வைக்க முடியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்களும் உங்கள் ஆராய்ச்சியும் ஓங்கி வளர ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: குழாயடியில் குப்பியைத் திறக்கப் போன நேரம் பார்த்து உங்கள் மனைவி வேலையிலிருந்து வந்தாள். பாய்ந்து பிடுங்கினாள். "ஐயோ அப்பா, இது காலி இல்லப்பா! உப்புக்கல்லுல ஒரு துணுக்கு அளவுதான் தூள் இருக்கும். கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கும், கண்ணுக்கே தெரியாது" என்றாள். முதல் குப்பி எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது ஃப்ரீசரில் பத்திரமாக இருக்கிறது, உங்கள் உழைப்பு பிழைத்தது. கம்பெனிப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. மானம் போகிறது, மாப்பிள்ளை. இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்கப்பா, அனுப்புங்க. அவர் சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்று உறையோடு பக்கத்திலேயே நிற்கிறாள்.