நாற்பத்து மூன்று வெளிறிய துண்டுகள்

நாள்: 9.11.2025, ஞாயிறு. நேரம்: காலை 6.40. காணாமல் போன துணித்துண்டுகள்: 43. இதுவரை மீட்டவை: 31.

சிலமலை மலைச்சாமி மாமா அவர்களுக்கு, போடியிலிருந்து மருமகன் யோகராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்களும் அத்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள், மகள் வந்து மூன்று நாளாகிறதே. போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். பவதாரணி எடுப்பதில்லை. நீங்கள் எடுக்கிறீர்கள், ‘ம்’ என்கிறீர்கள். நாலு தடவை பேசினேன், நாலு ‘ம்’. அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதனால் எழுத்தில், சிலமலை வழியாகப் போகிற காலைப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் செய்துகொண்டிருந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குவில்ட்டு என்றால் ஒட்டுத்துணிப் போர்வை என்று நீங்களும் நானும் நினைத்தோம். இது போர்த்திக்கொள்ள இல்லை, சுவரில் மாட்ட. எங்கள் மாடியிலிருந்து தெரியும் ஏலமலைச் சரிவைத் துணியாலேயே வரைகிறாள். ஆறு மாதமாகக் காலை ஆறு மணி மலை, ஒன்பது மணி மலை, சாயங்காலம் நாலு மணி மலை என்று பார்த்துப் பார்த்து அந்தந்த நிறத்துக்குத் துணி தேடினாள். கடைத்துணி போதாமல் சிலதை டீத்தண்ணியில் முக்கினாள், சிலதை வெயிலில் போட்டு வெளுக்கவிட்டாள். விவசாயச் சங்கத்துப் பச்சைத் துண்டைக் காணோம் என்று சித்திரையில் தேடினீர்களே, அதுவும் இதில்தான் இருக்கிறது, பதினாறாக வெட்டி. மொத்தம் 212 துண்டு, எல்லாம் வெள்ளைத் தெர்மாகோல் பலகையில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தது. தைத்து முடித்து 20-ஆம் தேதிக்குள் கோயம்புத்தூர் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். மாதிரிப் படம் அனுப்பிய நானூறு பேரில் இருபத்தைந்து பேரை எடுத்தார்கள், அதில் இவள் ஒருத்தி.

வியாழக்கிழமை அவள் ராசிங்காபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டாள், எங்கள் ஷெட்டில் கரண்ட் இல்லை என்று எனக்கு லீவு, என் சோலி என்னவென்று உங்களுக்குத் தெரியும், ஏலக்காயை நிறம் பார்த்துப் பிரிக்கிற மிஷினுக்கு நான்தான் இன்ஜினியர், காய் கேமராவுக்கு முன்னால் விழும், பச்சை என்றால் நேரே போகும், வெளிறல் என்றால் காற்று ‘புஸ்’ என்று ஓரமாகத் தள்ளிவிடும், நாலு வருஷமாக இதையே பார்க்கிறவன் அந்தப் பலகையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா, நல்ல அடர்பச்சைக்கு நடுவே சோகை பிடித்த மாதிரி அங்கங்கே வெளிறல், போதாததற்கு இருபத்தாறு துண்டு பின்பக்கம் வெளியே தெரியக் குத்தியிருக்கிறது, பாவம், அவசரத்தில் மாற்றிக் குத்திவிட்டாள் என்று இருபத்தாறையும் திருப்பினேன், வெளிறிய 43-ஐயும் உருவினேன், மீதிப் பச்சையை நெருக்கி அடுக்கினேன், ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்தேன். அந்நேரம் பார்த்து, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு டிரைவர் சுருளி வந்து, “மாப்ளே, கண்ணாடி தொடைக்கப் பழந்துணி இருந்தா வெரசாக் கொண்டா” என்றார். கொடுத்துவிட்டேன்.

பவதாரணி வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இது மலையா, ஏலக்கா மூட்டையா?”

“சீராத்தான இருக்கு?”

“எடுத்ததெல்லாம் எங்க?”

“சுருளி ஜீப்பத் தொடைக்க...”

“அம்புட்டும் மலையில எறங்குற மஞ்சுங்க. ஆறு மாசமா வெளுக்க வச்ச மஞ்சு. எங்கப்பா துண்டையுமா குடுத்தீங்க?”

“அது கந்தல்” என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அடுத்த பஸ்சில் கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போடிமெட்டு ஏறினேன். சுருளி பார்த்தவுடன், “குடுத்த கந்தலத் திருப்பிக் கேட்டு மலையேறி வந்தவன் நீ ஒருத்தந்தேன் மாப்ளே. வீட்டுல சோறு கெடைக்கலயா?” என்று சிரித்தார். ஜீப்பில் வந்த பெண்கள் ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பங்கு போட்டிருந்தார்கள். தூக்குச்சட்டி மூடி இறுக்க ஒன்று, அரிவாள் பிடியில் சுற்ற ஒன்று, தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடைப்பாக ஒன்று. ஒவ்வொருத்தரிடமும் நின்று கேட்டு வாங்கினேன். கருத்தம்மா என்கிற ஒரு அக்கா மட்டும் விரலைக் காட்டி, “இத அவுத்தா ரத்தம் வரும்ப்பா. காயம் ஆறட்டும், தொவச்சு நானே கொண்டாறேன். அதுவரைக்கும் ஒம் பொண்டாட்டி மலையில ஒரு ஓட்டை இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

இறங்கும்போது மஞ்சு அடைத்து, ஒரு வளைவில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. எனக்குச் சும்மா நிற்க வராது. மஞ்சு கொஞ்சம் விலகியதும் பையிலிருந்த துண்டுகளை எடுத்து, எதிர்ச்சரிவுகளுக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். முதல் சரிவு கரும்பச்சை. அதற்குப் பின்னால் கொஞ்சம் வெளிறல், அதற்கும் பின்னால் இன்னும் வெளிறல். ஆறாவது சரிவுக்கு உங்கள் துண்டு, மாமா. அதுவும் பின்பக்கத்தைத் திருப்பினால்தான் சரியாகச் சேர்ந்தது. எங்கள் மிஷின் ஒவ்வொரு காயையும் தனியாகத்தான் பார்க்கும், பக்கத்தில் எது விழுகிறது என்று பார்க்காது, அதற்கு அது தேவையுமில்லை. இவள் எந்தத் துணியையும் தனியாகப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வெளிறலை உருவினால் அதற்கு முன்னால் நிற்கிற பச்சையும் செத்துப்போகிறது. வீட்டுக்கு வந்து, நான் அடுக்கியதைப் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தேன். அவள் தினமும் அப்படி எடுப்பாள், கலர் போன் வாங்கிக் கொடுத்தது எதற்கு என்று கேட்டவன் நான். படத்தில் மேடு இல்லை, பள்ளம் இல்லை, தூரம் என்பதே இல்லை. சிமென்ட் தரை மாதிரி இருந்தது.

ஆகவே கேட்டுக்கொள்வது: நாளைக் காலை முதல் பஸ்சில் அவளை அனுப்பிவையுங்கள். இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. 31 துண்டையும் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். மீதி 12-இல் ஒன்று கருத்தம்மா விரலில், நான்கு வேறொரு ஜீப்பில் ஏறி மூணாறு போய்விட்டன, ஏழு தெரியவில்லை. உங்கள் துண்டைக் கந்தல் என்றதற்கு மன்னிக்கவும், பின்பக்கம் அருமையான நிறம். தப்பு என்மேல் எழுபது சதவீதம். எது எங்கே, எதற்கு என்று ஒரு குறிப்புகூட எழுதி வைக்காததால் அவள்மேல் முப்பது. இதை அவளிடம் பக்குவமாகச் சொல்லவும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் தோட்டமும் மாடுகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எழுபது சதவீதம் வருந்தும் மருமகன்,
யோகராஜ்

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு, துடைப்பதற்காகப் பலகையைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. 212 துண்டுக்கும் எண், எந்த மணி, எந்தச் சரிவு, உள்பக்கமா வெளிப்பக்கமா, எல்லாம் இருக்கிறது. உச்சியில் கொட்டை எழுத்தில், ‘என்னங்க, தொடாதீங்க. சந்தேகம்னா என்னையக் கேளுங்க.’ முப்பது சதவீதத்தை வாபஸ் வாங்குகிறேன். அவளை அனுப்பவும் வேண்டாம். இனி நான் செய்யப்போவது:

1. குறிப்பைப் பார்த்து, நெருக்கிய பச்சையைப் பழையபடி விலக்கி, 31-ஐயும் அதனதன் இடத்தில் குத்துவது. இருபத்தாறையும் மறுபடி திருப்புவது. பன்னிரண்டு இடத்தைக் காலியாகவே விடுவது, சொந்த யோசனையால் நிரப்பாமல் இருப்பது.

2. பலகை, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஜீப்பில் ஏற்றி இன்று மதியத்துக்குள் சிலமலை வருவது. உங்கள் முன்னறையில்தான் வெளிச்சம் நன்றாக விழும். மூட்டைகள் கிடந்தால் தயவுசெய்து நகர்த்தி வைக்கவும்.

3. இருபதாம் தேதி வரை அங்கிருந்தே வேலைக்குப் போய்வருவது. எனக்கென்று தனியாகக் கறி எடுக்க வேண்டாம்.

4. காலேஜில் போட்ட என் நீலச் சட்டை, துவைத்துத் துவைத்து வெளிறியது. மூன்று தடவை கேட்டாள், நல்ல சட்டை என்று கொடுக்கவில்லை. அதைக் கத்தரிக்கோலோடு கொண்டுவருவது.

5. அது எந்தச் சரிவுக்கு ஆகும் என்று அவளிடம் கேட்பது. அவள் பதில் சொல்கிறவரை நிற்பது.