ஜல்தி மோந்து பார்த்த தட்டை

டெல்லியில் குப்பையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இரண்டே வகை. கருத்தரங்கில் பேசுகிறவர்கள் ஒரு வகை. எங்கள் துவாரகா சொசைட்டியின் டப்பா அண்ணாச்சி இன்னொரு வகை. அந்த வகையில் அவர் ஒருவர்தான்.

திருநெல்வேலிக்காரர். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, தரைத்தள ஃபிளாட்டில் தனியாக இருந்தார். ஞாயிறுதோறும் ராகித் தட்டை சுட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பார். காசு கிடையாது, கவர் கிடையாது. டப்பா நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை நான் வெறுங்கையோடு போய் நின்று, ஒரு கவரில் போட்டுக் கொடுங்களேன் என்று கேட்டுவிட்டேன்.

“தட்டை அஞ்சு நிமிசத்துல உள்ள போயிரும் வேய். கவரு ஒம்ம பேரன் காலம் வரைக்கும் கெடக்கும். போயி டப்பா எடுத்துட்டு வாரும்.”

அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி ஏறி இறங்கினேன்.

தெருநாய்களுக்கும் அவர்தான் சுடுவார். அதே ராகி, அதே வட்டம். உப்பு, மிளகு, பெருங்காயம் மட்டும் இருக்காது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டப்பா மேல் எழுதி ஒட்டலாமே என்றால், ஸ்டிக்கரும் குப்பைதானே என்பார். மோந்து பார்க்கலாமென்றால், கொரோனா வந்துபோனதிலிருந்து அவருக்கு மூக்கும் நாக்கும் வேலை செய்யவில்லை. அதனால் அந்தப் பொறுப்பு ஜல்தியிடம் இருந்தது. ஜல்தி வாசலில் படுத்திருக்கும் நாய். இந்தியில் ஜல்தி என்றால் சீக்கிரம்; எதற்கும் அவசரப்படாது என்பதால் அந்தப் பெயர். டப்பாவை நீட்டினால், பெருங்காய வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அது நமக்கு. வாலை ஆட்டினால் நாய்களுக்கு. ஒரு நாய் வேண்டாமென்று ஒதுக்கியதைத்தான் நாங்கள் அத்தனை பேரும் புகழ்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த நிலையில் சொசைட்டித் தலைவர், வளாகத்தை அசுத்தம் செய்வதாக ஜல்தியை வெளியேற்றக் கூட்டம் போட்டார். போன கூட்டத்தின் சிப்ஸ் கவர்கள் இன்னும் புல்வெளியில் பறந்துகொண்டிருந்தன. அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

“அவன வெரட்டுனா நானும் போயிருதேன்” என்றார் அண்ணாச்சி என்னிடம். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

கூட்டத்துக்கு இரண்டு டப்பாக்களோடு வந்தார். கமிட்டிக்கு ஒன்று, ஜல்திக்கு ஒன்று. ஆனால் ஹாலுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. மோந்து சொல்ல ஆளில்லாமல், குத்துமதிப்பாக ஒன்றைத் திறந்து நீட்டினார். எல்லோரும் கடித்துப் பார்த்துவிட்டு ‘ஹெல்தி’ என்றார்கள். டெல்லியில் ருசியில்லாத எதற்கும் அதுதான் மரியாதையான பெயர்.

தலைவர் மட்டும் மூன்றாவதை எடுத்தார். டாக்டர் உப்பை நிறுத்திய பிறகு, வெளியிடத்தில் தன்னால் சாப்பிட முடிந்த ஒரே பலகாரம் இதுதான் என்றார் இந்தியில்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வாசலுக்குப் போய் மற்ற டப்பாவை ஜல்தியிடம் நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் கண்ணால் கெஞ்சினேன், பேசாமல் இருங்கள் என்று. கேட்கிற ஆளா?

“தலைவர்ஜி, யே குத்தே கா ஹை.” இது நாயோடது என்று இந்தியிலேயே சொல்லிவிட்டார்.

ஹாலில் மெல்லுகிற சத்தம் நின்றது. தலைவர் கையிலிருந்த தட்டையைப் பார்த்தார். வாசலில் ஜல்தியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்து போய்ப் பாதியை உடைத்து அதன் முன்னால் வைத்தார். மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். ஜல்தியை வெளியேற்றும் தீர்மானத்தை அதோடு மடித்து வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு எவர்சில்வர் டப்பாவோடு வரிசையில் நின்றார் தலைவர். அண்ணாச்சி அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் ஜல்திக்குப் போட்டார்.

போன வருஷம் அண்ணாச்சி, ஜல்தியையும் காரில் ஏற்றிக்கொண்டு, மகள் வீட்டோடு போய்விட்டார். இத்தனை நாள் கேலி செய்த மனிதரை மனசு இவ்வளவு தேடும் என்று நான் நினைக்கவில்லை. போன ஞாயிறு லிஃப்டில் தலைவரைப் பார்த்தேன். கையில் காலி டப்பா. என் கையிலும் ஒன்று இருந்தது. எங்கே போகிறீர்கள் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.