பச்சைக் கோட்டு ஊர்வலம்

பேரன்பும் பெருங்கோபமும் ஒருங்கே கொண்ட அக்கா அவர்களின் சமூகத்துக்கு, உனக்குப் பின்னால் பிறந்த ஒரே குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துவரும் தம்பி எழுதிக்கொள்வது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடந்த சனிக்கிழமை காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை, முழுதாக எட்டு மணி நேரம், உன் தம்பி எந்தக் குறும்பும் செய்யவில்லை. இச்செய்தி எந்தப் பத்திரிகையிலும் வராததால் நானே எழுத வேண்டியதாயிற்று. போனில் சொல்லலாமென்றால் என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். உறையின் மேல் இருப்பது அம்மாவின் கையெழுத்து என்று நம்பித்தானே பிரித்தாய்? அது நான் போட்டது. இது குறும்பில் சேராது, தபால் தந்திரம்.

நான் இங்கு நலம். அக்கா எப்படி இருக்கா என்று அம்மாவிடம் கேட்டால், "கோட்டு இல்லாம குளிர்ல டியூட்டிக்குப் போறா, இருமுறா, எல்லாம் உன்னாலதான்" என்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வருவாளா என்று கேட்டால், "அவன் இருக்கிற வீட்டுக்கு வரமாட்டாளாம்" என்கிறாள். அப்பா ஒரு படி மேலே போய், "அவ வர்றதுன்னா இவனை எங்க அனுப்பலாம்?" என்று யோசிக்கிறார். மரம் ஜோடிப்பது நம் இருவர் வேலை. ஒரு வாரமாக அது மொட்டையாக நிற்கிறது.

ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் நீ விடுமுறை முடிந்து கிளம்பும்போது, உன் கோட்டு முதுகில் "ஜாக்கிரதை, கடிக்கும்" என்று காகிதம் ஒட்டியது நான்தான். தெருமுனைக்குள் கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ அதோடு ரயிலேறி, ஆஸ்பத்திரி வரை போய், வார்டில் தலைமை நர்ஸம்மா வாய்விட்டுப் படிக்கும் வரை சுமப்பாய் என்று யார் கண்டார்கள்? இப்போது நோயாளிகள்கூட ஊசிக்குப் பயப்படாமல் "சிஸ்டர், கடிக்க மாட்டீங்களே?" என்று கேட்கிறார்களாம். காகிதத்தைப் பிய்த்தபோது துணியும் சேர்ந்து வந்ததற்குக் காரணம், நான் எடுத்த பசை மரப்பலகை ஒட்டுகிற பசை. எதைச் செய்தாலும் உறுதியாகச் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

ஆகவே உனக்குப் புதுக் கோட்டு வாங்கக் கிளம்பினேன். துணைக்கு என் வகுப்பு நண்பர்கள் இருவர். ஒருவன் கம்பம், பெயரே உயரத்தைச் சொல்லும். இன்னொருவன் ரேடியோ, அணைக்கும் பொத்தான் இல்லாமல் பிறந்தவன். கடைத்தெருவில் கால் வைத்தால் அடுத்தவன் கால்மேல்தான் வைக்க வேண்டும், அவ்வளவு கூட்டம். கண்ணாடி அலமாரிகளுக்குள் பஞ்சையெல்லாம் பனி என்று சொல்லிக் கொட்டியிருந்தார்கள். ரேடியோ தன் அம்மாவுக்குக் கைப்பை வாங்கப் போய், ஒவ்வொரு பையையும் திறந்து உள்ளே "ஹலோ" சொல்லிப் பார்த்தான். எதிரொலி வந்தால் நல்ல பையாம். கம்பம் தன் குட்டித் தங்கைக்குக் கையுறை வாங்கினான். இரண்டுமே இடக்கை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

கோட்டுக் கடையில் பச்சை நிறத்தில், தொப்பி வைத்து, உள்ளே கம்பளி போட்ட ஒன்று தொங்கியது. பார்த்ததுமே உன் முகம்தான் ஞாபகம் வந்தது, கோபமில்லாத பழைய முகம். விற்பனைப் பெண்மணி, "என்ன சைஸ் தம்பி?" என்றார்.

"சாதாரண நாள்ல நடுத்தரம். கோபம் வந்தா ரெண்டு சைஸ் பெருசு."

"இப்போ எப்படி இருக்காங்க?"

"ஒரு மாசமா பெருசு."

அவர் சிரித்துவிட்டு, "அளவு தப்பினா மாத்தித் தரமாட்டோம். அவங்க உயரத்துல யாராச்சும் இருந்தா போட்டுப் பாருங்க" என்றார். உடனே நான் கம்பத்தைப் பிடித்துக் கோட்டுக்குள் செலுத்தினேன். ஜிப்பு வயிற்றில் சரசரவென்று ஏறி, தொண்டைக்கு வந்ததும் சட்டைக் காலரைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. நான் இழுத்தேன், ரேடியோ இழுத்தான், விற்பனைப் பெண்மணி இழுத்தார். கடைசியாக வாசல் காவலாளி வந்து ஒரு இழுப்பு இழுத்ததில் கம்பம் மட்டும் நாலடி நகர்ந்தான், ஜிப்பு நகரவில்லை. தலை வழியாக உருவலாமென்றால் தோள் விடவில்லை. கோட்டை வாங்கப் போய்க் கோட்டை விட்டோம் அக்கா. "பில்லுதான் போட்டாச்சே, இப்படியே பின் தெரு டெய்லர்கிட்ட போங்க, அவர் கழட்டிடுவாரு" என்று அனுப்பிவைத்தார்கள்.

பின் தெரு என்றால் கடைத்தெரு முழுக்கச் சுற்றித்தான் போக வேண்டும். கம்பத்தின் முதுகில் கடை அட்டை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது: "பெண்கள் பிரிவு. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது." அதை நான் மாட்டவில்லை. எடுக்கவும் இல்லை. சும்மா இருப்பது எந்த ஊரில் குறும்பு? பின்னால் வந்த சின்னப் பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார், அவன் வாயை அல்ல, தன் வாயை. பழச்சாறுக் கடையில் எங்கள் வகுப்புப் பெண்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"அட, யாருடா இந்தப் புது அக்கா?"

"பாவம்டி, திரும்பவும் எடுத்துக்க மாட்டாங்களாம். வீட்டுல என்ன பண்ணப் போறாங்களோ!"

"டேய், ஏன்டா எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று கேட்டான் கம்பம். "கிறிஸ்துமஸ்டா, சந்தோஷமா இருக்காங்க" என்றோம். அவனும் நம்பி, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் திரும்பிச் சிரித்துக்கொண்டே நடந்தான். நான் முன்னே நடந்து, பைகளையும் சுமந்து, தளபதி போல வழியேற்படுத்திக் கொடுத்தேன்.

டெய்லர் ஒரு துண்டு சோப்பை எடுத்து ஜிப்புப் பல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். வெண்ணெயாக இறங்கியது. "இதுக்கா மூணு பேரு? சோப்பு வீட்டுல இல்லையா, இல்ல குளிக்கிறதே இல்லையா?" என்றவர், அட்டையைக் கத்தரித்துக் கம்பத்தின் கையில் கொடுத்தார். அவன் அதைப் படித்தான். மறுபடி படித்தான். பிறகு முக்காலியில் உட்கார்ந்து அதை நாலாக மடித்தான். ரேடியோகூட நின்றுபோனது. நான்தான் அவன் தோளில் தட்டி, "இதெல்லாம் சகஜம்டா, விளையாட்டா எடுத்துக்கணும்" என்று பெரிய மனுஷனாக ஆறுதல் சொன்னேன்.

இப்படியாக அறிவும் பொறுமையும் தலைமைப் பண்பும் நிறைந்த உன் தம்பி தேர்ந்தெடுத்த கோட்டு இதோடு வரும் பார்சலில் இருக்கிறது. போட்டுக்கொண்டு இருமலைத் துரத்து. வார்டில் உள்ளவர்களுக்கு என் விசாரிப்பு, தலைமை நர்ஸம்மாவுக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு. நீ நூறு வயது வாழ்ந்து, அதில் ஒரு வயதாவது என்னோடு பேச வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

திருந்திய தம்பி.

பின்குறிப்பு: பார்சலைக் கட்டி முடித்த பிறகுதான் ரேடியோ சொல்கிறான், கடைத்தெருவில் எடுத்த படத்தை உனக்கும் அனுப்பிவிட்டானாம். ஆகவே வேறு வழியில்லை. படத்தில் கோட்டுக்குள் இருப்பது கம்பம் இல்லை. கம்பம் உன்னைவிட ஒரு சாண் உயரம் என்பது உனக்கே தெரியும். பொய் சொல்லும் அவசரத்தில் அளவு பார்க்கவில்லை. நீ வேலைக்குப் போன பிறகு நான் வளர்ந்துவிட்டேன் அக்கா. இப்போது உன் உயரத்துக்கு இருப்பது நான்தான். பை சுமந்தது கம்பம். எட்டு மணி நேரம் குறும்பு செய்யாததற்குக் காரணம், தோள் இறுக்கத்தில் கையைத் தூக்கவே முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்ததும் நான்தான். எத்தனை பேர்டா பார்த்தாங்க என்று கேட்டேன். இருநூறு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுட்டேன் என்றான் ரேடியோ. விளையாட்டா எடுத்துக்கணும்னு ஆறுதல் சொன்னது கம்பம். எடுத்துக்க முடியல அக்கா. எனக்கு ரெண்டு தெருதான். உனக்கு ரயில்ல அஞ்சு மணி நேரம்.

இருபத்து நாலாம் தேதி சாயங்கால வண்டிக்கு ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் கடைசிப் பெட்டி போகும்வரை நிற்பேன். அடிக்கணும்னா வீட்டுக்கு வந்து அடி. பிளாட்பாரத்தில் வேண்டாம், பழச்சாறுக் கடைப் பெண்களில் ஒருத்தியின் அப்பாதான் டிக்கெட் பரிசோதகர்.